கரகரக்கும் கார் வானொலி

புத்தளத்தைக் கடந்து அநுராதபுரம் நோக்கிச் செல்லும் பாதையில் மாலை வேளையில் வண்டியோட்டிச் சென்ற அன்பர்களுக்கு அக்காட்டின் தனிமை தெரிந்திருக்கும். இருமருங்கும் மரச்செறிவு, யானை கடக்கும் இடமென எச்சரிக்கும் பலகை, நெடுநேரத்துக்கு ஒருமுறை எதிரே வரும் ஒரு லொறி. 2013 ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு நாள், கொழும்பில் அலுவலை முடித்துக்கொண்டு, எமது தமக்கையாரும் நாமுமாக அவ்வழியே யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். வானொலியிற் செய்தி முடிந்து மரண அறிவித்தல் தொடங்கிற்று.

எம்மவர் வீடுகளில் மரண அறிவித்தல் வாசிக்கப்படும்போது எவரும் பேசுவதில்லை. அன்றும் நாம் பேசவில்லை. வானொலிதான் பேச மறுத்தது. கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே எமது கிராமத்தின் பெயர் ஒரு கணம் தெளிவாய்க் கேட்டது. அடுத்து வந்த பெயர் இரைச்சலில் அமிழ்ந்து போயிற்று. "ஓய்வுபெற்ற ஆசிரியை" என்பது கேட்டது. "நாளை காலை" என்பது கேட்டது. அதன்பின் வேறோர் ஊரின் அறிவித்தலுக்குப் போய்விட்டார்கள்.

எமது கிராமத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பலர் இல்லை. அவர்களுள் ஒருவர் எம் அன்னையாரின் தங்கையார். அக்கா கைப்பையைத் திறந்து கைத்தொலைபேசியை எடுத்தார். அது அணைந்து கிடந்தது. புத்தளத்திலேயே அதனை வண்டியின் சிகரட் பற்றவைக்கும் துவாரத்திற் செருகிய ஒரு சார்ஜருடன் இணைத்திருந்தோம். சார்ஜரிற் சிவப்பு விளக்கு நன்றாக எரிந்தது; தொலைபேசியில் மட்டும் ஒன்றும் ஏறவில்லை. அநுராதபுரத்தில் ஒரு கடைக்காரரின் தொலைபேசியை இரந்து வாங்கி, மனப்பாடமாயிருந்த அவ்விலக்கத்தைச் சுழற்றும் வரையிலான முக்கால் மணி நேரத்தை இங்கு விவரிக்கப் போவதில்லை.

மறுமுனையிற் பேசியவர் சின்னம்மாவேதான். "எங்கை நிக்கிறியள்? சாப்பிட்டாச்சோ?" என்றார். அக்காவுக்கு வாய் எழவில்லை. நாமே விடயத்தைச் சொன்னோம். சிறிது மௌனத்தின் பின், "அது எங்கடை ரீச்சரடா. உனக்கு ஏடு துவக்கி எழுத்துச் சொல்லித் தந்தவ. பேர் கூடக் கேக்கேல்லையோ?" என்று சின்னம்மா கேட்டார்.

ஈமக் கிரியைக்குச் சென்று வந்தோம். அதற்கடுத்த சனிக்கிழமை வண்டியை, அயலூரில் நாற்பதாண்டுக்கு மேலாக வானொலி திருத்தும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோய் நிறுத்தினோம். அன்று அவரிடம் கற்றதையும், பின்னர் நாமாகத் தேடி அறிந்ததையுமே இவ்வாரம் வாசக நேயர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

எமது வண்டி ஜப்பானில் ஓடித் தேய்ந்தபின் இங்கு இறக்குமதியான டீசல் வான். பெரியவர் வானொலியைத் தொடவேயில்லை. "தம்பி, முதலிலை இஞ்சினை நிப்பாட்டிப்போட்டு றேடியோவை மட்டும் போடுங்கோ" என்றார். போட்டோம், இரைச்சல் அப்படியே இருந்தது. இயந்திரம் ஓடும்போது மட்டும் இரைந்தால் குற்றம் இயந்திரத்தின் மின்கருவிகளில்; நிறுத்தியும் இரைந்தால் வேறிடத்தில். இவ்வொரு சோதனையால் பாதி வேலை குறைந்துவிடும் என்பது அவர் கொள்கை. அடுத்து அந்தச் சார்ஜரைப் பிடுங்கினார். இரைச்சலிற் பாதி அக்கணமே நின்றது.

நாம் வாயடைத்து நின்றோம். தொலைபேசிக்கு உயிர் தராத அப்பொருள், வானொலியின் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது! வண்டியின் 12 வோல்ற் மின்சாரத்தைத் தொலைபேசிக்குரிய 5 வோல்ற்றாகக் குறைப்பதற்கு இச்சார்ஜர்கள் மின்னோட்டத்தை ஒரு செக்கனில் பல்லாயிரம் தடவை, சிலவேளை இலட்சக் கணக்கான தடவை, வெட்டி வெட்டி விடுகின்றன. அவ்வாறு வெட்டும்போது எழும் அதிர்வுகள் பன்மடங்காய்ப் பெருகி வானொலி அலைகளின் எல்லைக்குள்ளும் புகுந்துவிடும். நல்ல சார்ஜர்களில் அவற்றை உள்ளேயே அடக்கும் சுருள்களும் கொண்டென்சர்களும் உண்டு. மலிவானவற்றில் அவற்றை வைப்பதில்லை; விலை குறைவதன் இரகசியமே அதுதான். வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டும் கமரா, பின்னாளிற் பூட்டிய எல்.ஈ.டி. விளக்கு ஆகியவையும் இதே குற்றத்தைச் செய்யக்கூடியவை. ஆதலால் வானொலி இரையும் வண்டியில், பின்னாளிற் சேர்த்த பொருள்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிப் பார்ப்பதே முதல் வைத்தியம். செலவும் இல்லை.

மீதிப் பாதிக்கு வருவோம். பெரியவர் வானொலியை முன்பலகையிலிருந்து வெளியே இழுத்து, பின்புறமிருந்த ஏரியல் வயரைக் கழற்றினார். கேட்டுக்கொண்டிருந்த நிலையம் கழற்றியபின்பும் ஏறக்குறைய அப்படியே கேட்டது. திரும்பச் செருகினார், மாற்றமில்லை. "விளங்குதோ தம்பி? ஏரியல் இருக்கு, ஆனா இல்லை" என்றார். கழற்றினாலும் பூட்டினாலும் வேறுபாடில்லையெனில் ஏரியல் வேலை செய்யவில்லை என்பதே பொருள். அதுவுமன்றிக் கழற்றியவுடன் இரைச்சல் நின்றுவிட்டால் அவ்விரைச்சல் ஏரியல் வழியாக வருகிறது என்றும், கழற்றியபின்னும் தொடர்ந்தால் மின்சார வயர் வழியாக வருகிறது என்றும் கொள்ளலாம்.

ஏரியல் என்பது வண்டியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி மட்டுமே என்று நாம் அதுவரை எண்ணியிருந்தோம். அது பாதி உண்மை. வண்டியின் இரும்பு உடல் முழுவதும் ஏரியலின் மறுபாதி. கம்பிக்கும் உடலுக்கும் இடையே எழும் நுண்ணிய மின்வேறுபாட்டையே வானொலி உண்டு வாழ்கிறது. ஏரியலின் அடிப்பாகம் உடலின் இரும்பை நன்றாகக் கௌவியிராவிட்டால் கம்பி எவ்வளவு உயர்ந்தும் பயனில்லை. எமது வானில் அவ்விடம் துருவேறிக் கிடந்தது. கடற்காற்றும் உப்பும் நிறைந்த எமது குடாநாட்டில் இது வியப்பன்று. மன்னார், மட்டக்களப்பு, காலி வாசகர்களுக்கும் இதே நிலைதான்.

மல்ற்றி மீற்றர் என்னும் அளவுகருவி உள்ளவர்கள் மூன்று அளவுகளை எடுக்கலாம். ஏரியல் கம்பியின் நுனிக்கும் பிளக்கின் நடு ஊசிக்கும் இடையே, சாதாரணக் கம்பி ஏரியலானால், தடை மிகச் சொற்பமாயிருக்க வேண்டும். நடு ஊசிக்கும் பிளக்கின் வெளி உறைக்கும் இடையே தொடர்பே இருத்தலாகாது. இருந்தால் வயருக்குள் நீர் புகுந்திருக்கிறது, அல்லது வயர் நசுங்கியிருக்கிறது. வெளி உறைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே ஓர் ஓமுக்கும் குறைவாய் இருத்தல் நன்று. எமது வண்டியில் மூன்றாவது அளவு நிலைகொள்ளாது துள்ளியது. (உள்ளே பெருக்கி வைத்த ஏரியல்களுக்கு முதலிரு அளவுகளும் பொருந்தா என்பதை மறந்துவிடலாகாது.)

பெரியவர் ஏரியலைக் கழற்றி, துவாரத்தைச் சுற்றி உட்புறமாகத் துருவையும் வர்ணத்தையும் கத்தி முனையால் இரும்பு பளிச்சிடும் வரை சுரண்டினார்; பற்கள் உள்ள வாசர் ஒன்றை வைத்து இறுக்கினார்; இறுக்கியபின் சுற்றிவர மெல்லியதாய் வசிலின் பூசினார். முதலிற் பூசி அதன்மேல் இறுக்குவோரும் உண்டு. இறுக்கிவிட்டுப் பூசுவதே முறை என்பார் இவர். கம்பியின் மடிப்புகளை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, இயல்பாய் நீளச் செய்தார். இவ்வளவுக்கும் ஒன்றரை மணி நேரமே சென்றது. வானொலியைப் போட்டோம். அதுவரை எமது வண்டியிற் கேட்டறியாத இரு நிலையங்கள் புதிதாய்க் கேட்டன.

கம்பியின் நீளம் பற்றியும் ஒரு சொல். பண்பலை ஒலிபரப்பு ஏறக்குறைய 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை நிகழ்வது. நடுவிலுள்ள 100 மெகாஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 3 மீற்றர். அதன் காற்பங்கு 75 சதமமீற்றர். பழைய வண்டிகளின் கம்பிகள் முக்கால் மீற்றர் அளவில் அமைந்ததன் காரணம் இதுவே. ஆதலால் கம்பியை முழுவதும் இழுத்துவிட வேண்டும். இளைஞர் சிலர் அதனைக் கழற்றிவிட்டு விரல் நீளக் குட்டை ஏரியல் பூட்டுகின்றனர். பார்வைக்கு அழகுதான். கொழும்பு நகருக்குள் ஓடுவோருக்குக் குறை தெரியாது. கெக்கிராவை தாண்டியதும் தெரியும்.

இனி, ஜப்பானிய வண்டிகளுக்கே உரிய ஒரு வில்லங்கம். இலங்கைத் தெருக்களில் இத்தகைய வண்டிகள் மலிந்திருப்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்வோம். உலகின் பெரும்பகுதியிற் பண்பலை 108 மெகாஹேர்ட்ஸ் வரை செல்ல, ஜப்பானில் மட்டும் அது 76 இல் தொடங்கி 90 இல் முடிந்தது. 90 முதல் 108 வரையிலான இடத்தை அந்நாட்டார் தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகளுக்கு ஒதுக்கியிருந்தனர். அத்தொலைக்காட்சி முறை ஒழிந்தபின் பண்பலையை 95 வரை நீட்டினர். ஆகவே அங்கிருந்து வரும் வண்டியின் சொந்த வானொலி, எமது நிலையங்களிற் பெரும்பாலானவற்றை அறியவே அறியாது.

இதற்குக் கடைக்காரர் கண்ட பரிகாரம் பான்ட் எக்ஸ்பான்டர் என்னும் சிறு பெட்டி. ஏரியலுக்கும் வானொலிக்கும் இடையே அதனைப் பூட்டினால், வரும் அலைகளின் எண்ணை அது கீழே இறக்கித் தரும். 12 மெகாஹேர்ட்ஸ் இறக்கும் பெட்டியானால் 100 இல் உள்ள நிலையம் வானொலியில் 88 இற் கேட்கும். பெட்டிக்குப் பெட்டி இறக்கும் அளவு வேறுபடும். மலிவான உபாயமே; ஆயின் மூன்று குறைகள் உண்டு. 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தை 14 அகலத்துக்குள் அடைக்க முடியாதாகையால் சில நிலையங்கள் வெளியே நின்றுவிடும். மெலிந்த அலைகள் பெட்டியைக் கடக்கும்போது இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். மூன்றாவதுதான் வேடிக்கை: உண்மையிலேயே 89 இல் வலுவாய் ஒலிக்கும் நிலையம் ஒன்று அருகிலிருந்தால் அது பெட்டியை மீறிக் கசிந்து, 101 இலிருந்து 89 க்கு இறக்கப்பட்ட நிலையத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரண்டு அறிவிப்பாளர்கள் ஒரே நேரத்திற் பேசுவார்கள். எமது வானிலும் இப்பெட்டி ஒன்று, எவரோ பூட்டியது, முன்பலகைக்குள் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் அதனை எடுத்து எறியச் சொன்னார். எமது நாட்டு அலைக்கேற்ற வானொலி ஒன்றை வாங்கிப் பூட்டுவதே அறிவுடைமை என்றார். இரண்டு மாதம் கழித்து அவ்வாறே செய்தோம்.

அப்படிப் புது வானொலி பூட்டியபின் முன்னிலும் மோசமாய்க் கேட்கிறதென்று முறையிடுவோர் பலர். அவர்களுடைய வண்டியில் வெளியே கம்பி இருப்பதில்லை. பின்கண்ணாடியில் ஓடும் மெல்லிய கோடுகளே ஏரியல், அல்லது கூரையிற் சுறாவின் முதுகுத் துடுப்புப்போல் ஒரு சிறு குமிழ். இவை சிறியவையாகையால் பக்கத்திலேயே ஒரு பெருக்கி இருக்கும். அப்பெருக்கிக்கு 12 வோல்ற் மின்சாரம் வேண்டும். பழைய வானொலி அதனைக் கொடுத்துக்கொண்டிருந்தது. புதியதைப் பூட்டியவர் வயரை எங்கும் கொடாமல் ஒட்டி மறைத்துவிடுவார். மின்சாரமில்லாத பெருக்கி அலையைப் பெருக்காதது மட்டுமன்று, வழியையும் அடைத்துவிடும். புது வானொலியின் பின்னே பெரும்பாலும் நீல நிறத்தில் ஒரு வயர் இதற்கென்றே உண்டு. அதனை எங்கே கொடுத்தார் என்று பூட்டியவரைக் கேளுங்கள். ஏரியல் பிளக்கும் சில ஜப்பானிய வண்டிகளில் வேறுவிதமானது. அதற்குரிய இடைப்பிளக்கை வாங்க வேண்டுமேயன்றி, வயரை வெட்டி முறுக்கி ஒட்டலாகாது. பின்கண்ணாடியிற் கறுப்புத் தாள் ஒட்டுவோரும் கவனிக்கவும்: உலோகத்துகள் கலந்த தாள், கண்ணாடி ஏரியலின் கண்ணைக் கட்டிவிடும்.

பெற்றோல் வண்டி வைத்திருப்போருக்கு வேறொரு தொல்லை உண்டு. டீசல் இயந்திரத்திற் பொறி தட்டும் பிளக் இல்லை. ஆதலால் எமது வான் அவ்விதத்தில் நல்ல பிள்ளை. பெற்றோல் இயந்திரத்திற் பிளக்குகள் தட்டும் ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு மின்னல். வேகத்தை மிதிக்க மிதிக்க டிக்டிக்கென்ற ஒலி விரைந்தால் அது பொறியின் ஒலி. சீட்டி அடிப்பதுபோல் ஏறி இறங்கினால் மின்சாரம் உண்டாக்கும் ஓல்டனேற்றரின் ஒலி. முன்னதற்குத் தடை வைத்த பிளக்குகளும், கரிநார் பொதிந்த உயர்மின் வயர்களும் மருந்து. இன்றும் எமது ஊர்களிற் பேரன்போடு ஓடவிடப்படும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகளில், மின்சுருளின் பற்றரிப் பக்கத்து முனைக்கும் உடலுக்கும் இடையே ஒரு கொண்டென்சரை வைப்பர். மறுமுனையில் வைத்தல் தவறு, இயந்திரம் தடுமாறும். பொனற்றை உடலுடன் ஒரு பின்னல் வயரால் இணைப்பதும் நல்ல பலன் தரும். இரும்பு மூடியாயினும் பிணைச்சலில் துருவிருந்தால் அது தனியே நிற்கும் ஓர் ஏரியல் ஆகிவிடும்.

அவ்வகைப் பழைய வண்டிகளில் மத்திய அலை வானொலி இருந்தால் இன்னுமொரு சிறு விடயம். ஏரியல் செருகும் துவாரத்துக்கு அருகே ஒரு சிறு திருகு இருக்கும். 1400 கிலோஹேர்ட்ஸை அண்டிய, மெலிந்து கேட்கும் நிலையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கம்பியை முழுதும் நீட்டி, அத்திருகை மெல்ல மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் ஒலி ஓங்கும். அங்கேயே விட்டுவிட வேண்டும். ஏரியலை மாற்றியபின் இதைச் செய்ய மறப்பவரே அதிகம். மத்திய அலையின் கதையே இப்போது வேறு. மின்சார வண்டிகளின் உள்ளிரைச்சலுக்கு அஞ்சி மேலைநாட்டு நிறுவனங்கள் சில, அவ்வண்டிகளிலிருந்து அதனை நீக்கிவிட்டன. 2023 இல் போர்ட் நிறுவனம் புதிய வண்டிகளில் அதனை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பெழுந்ததும் அம்முடிவைக் கைவிட்டது.

1930 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பால் கல்வின் என்பவர் மோட்டொறோலா என்ற பெயரிட்டு வண்டி வானொலியை விற்கத் தொடங்கிய நாளிலும் பெருந்தலையிடி இதே பொறியிரைச்சல்தான். இன்று அது ஓய்ந்து, சார்ஜர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

எவ்வளவு திருத்தினாலும் தீராதவையும் உண்டு. பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வது. மலை குறுக்கிட்டால் நின்றுவிடும். கடுகண்ணாவை ஏற்றத்திலும் றம்பொடை வளைவுகளிலும் வானொலி விட்டுவிட்டுக் கேட்பதற்கு வண்டியின்மேற் பழி சொல்வது நியாயமன்று. அங்கே நேரே வரும் அலையும் மலையில் முட்டித் திரும்பும் அலையும் சந்தித்து, ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டியும், சற்றப்பால் ஒன்றையொன்று அழித்தும் விடுகின்றன. நகரத்திற் சிவப்பு விளக்கில் நிற்கையிலும் இதைக் காணலாம்: பாட்டு கரகரத்தால் வண்டியை ஒரு முழம் முன்னே நகர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். அலையின் நீளம் 3 மீற்றரல்லவா? மேலும், ஒரே சேவை நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு எண்ணில் ஒலிபரப்பாவதால், கொழும்பில் வைத்த எண்ணை வவுனியா வரை மாற்றாமல் வருவோர் பழுதில்லாத வானொலியைப் பழுதென்று எண்ணுவர். வழியிலுள்ள எண்களை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சூரிய மறைப்பிற் செருகிவைப்பது நன்று. நாம் செருகியிருக்கிறோம்.

அந்தச் சார்ஜரைப் பெரியவர் தமக்கு வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார். இரைச்சல் எப்படியிருக்கும் என்று வருவோருக்குக் காட்டுவதற்காம்.

அடுத்த ஆண்டு பங்குனியில் அக்காவும் நாமும் மீண்டும் அதே காட்டுவழியே, அதே மாலைப்பொழுதில் வந்தோம். செய்தி முடிந்து மரண அறிவித்தல் தொடங்கிற்று. ஐந்து பெயர்கள், ஐந்தும், அவரவர் பிறந்த ஊரும், பிள்ளைகள் பெயரும், தகனம் செய்யும் இடமும் ஓரெழுத்துப் பிசகாமற் கேட்டன. ஐவரும் எமக்கு முன்பின் அறியாதவர்கள். அக்கா கையை நீட்டி ஒலியைச் சற்றுக் கூட்டிவைத்தார்.